காலியாகக் காட்டிய கூடம்

அதிகாரி வருகிறார் என்றால் உலகத்தில் எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுபோல் நடிப்பார்கள். அரசுச் சலவைக்கூடத்துப் பெண்கள் மட்டும் வேலையே செய்யாததுபோல் நடிப்பார்கள். சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கத்தான் அரசாங்கம் அந்தக் கூடத்தைக் கட்டியது. பிறகு யாரோ ஒரு மகராசன் அந்தத் துணியில் முக்கால்வாசியை வெளி ஒப்பந்தக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். மிச்சம் வந்ததை வைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் ஈ ஓட்டவா முடியும்? தங்கும் விடுதிகளின் விரிப்பு, முடிதிருத்தும் கடைகளின் துண்டு, சாப்பாட்டுக் கடைகளின் மேசைத்துணி என்று ஊர் அழுக்கையெல்லாம் கேட்டு வாங்கி வந்து துவைத்தார்கள். அரசாங்கப் பாய்லரில் தனியார் அழுக்கு வேகக்கூடாது என்பது விதி. மேலே இருப்பவர்களுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். கண்ணில் படாமல் இருந்தால் சரி என்று விட்டிருந்தார்கள்.

அதனால் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், வெளித்துணி மூட்டைகள் எல்லாம் பின்பக்கத் தண்ணீர்த்தொட்டி அறைக்குள் போய்விடும். எங்கே போகின்றன என்பது மட்டும் கூடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தரையை முகம் தெரியும்படி தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அதிகாரி வருவார், பார்ப்பார், தலையாட்டுவார், போவார். அவர் வண்டி திரும்பியதும் மூட்டைகள் மறுபடி வெளியே வரும்.

இந்தப் படைக்குத் தளபதி பாய்லரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பாய்லர் அவள் கைக்கு மட்டும்தான் மசியும். அவளுக்குக் கோபம் வந்தால் அதற்கும் இவளுக்கும் ஒரே சத்தம். பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது ஒரே மகள். அந்தக் குழந்தை வளர்ந்ததே கூடத்தில்தான். துணி தள்ளும் வண்டியில், அப்போதுதான் காய்ந்து வந்த விரிப்புகளுக்கு நடுவில் சூடாகப் படுத்துத் தூங்கும். அதற்குப் பெயர் வைத்ததும் அங்கேதான். ஆளுக்கொரு பெயர் சொல்லி, குடுமிப்பிடிச் சண்டை போட்டு, கடைசியில் ஊசி சொன்ன பெயர்தான் நின்றது. ஊசி என்பவள் இஸ்திரி மேசைக்காரி. உடம்பும் ஊசி, பேச்சும் ஊசி.

அந்த மகளைக் கட்டிக்கொடுத்த இடம் பெரிய இடம். சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், சட்டமன்றத்தில் அரசுச் சொத்துக் குழுவின் செயலாளர். சலவைக்காரி வீட்டில் பெண் எடுத்தோமே என்று ஒரு நாளும் முகம் சுளிக்காத மனிதர். அதே சமயம், கூடத்துப் படியை ஒரு நாளும் மிதிக்காத மனிதர். பாய்லரக்காவுக்கு அவரிடம் பயம் கலந்த ஒரு மரியாதை.

ஒரு விடுமுறை நாளில் மகளைப் பார்க்கப் போனபோது அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சம்பந்தியம்மா, ஒரு நல்ல சேதி. புதுச் சட்டம் ஒண்ணு வருது. அரசாங்கத்துக்குத் தேவைப்படாத கட்டடம், நிலம் எல்லாத்தையும் மத்தவங்களுக்கு மாத்திக் குடுக்கிற சட்டம். உங்க கூடத்தை உங்க பெண்களுக்கே எழுதி வாங்கிடலாம். இனிமே யாருக்கும் ஒளிஞ்சு ஒளிஞ்சு துவைக்க வேண்டாம்."

"நிஜமாவா சம்பந்தி? எங்களுக்கேவா?"

"பின்னே யாருக்கு? ஆனா ஒண்ணு. உபரின்னு காட்டினாத்தான் குடுக்க முடியும். அரசாங்க வேலை நடக்கிற இடத்தைத் தூக்கிக் குடுக்கச் சட்டத்துல வழியில்ல. குழு பார்க்க வர்ற அன்னிக்கு ஆஸ்பத்திரித் துணிகூட அங்க இருக்கக்கூடாது. நீங்க எப்பவும் பண்றதுதானே? எல்லாத்தையும் பின்னாடி தொட்டி அறையில தள்ளிப் பூட்டிடுங்க. பாய்லரை முந்தின நாளே அணைச்சிடுங்க, தொட்டா சில்லுன்னு இருக்கணும். யாராவது கேட்டா, இடம் சும்மாதான் கிடக்குன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

பாய்லரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். "கேட்டியாடி, உங்க மாமா சொன்னதை!" என்றாள் இவள். "ம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாக மகள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கூடத்தில் சேதியைச் சொன்னதும் ஒரே ஆரவாரம். ஊசி மட்டும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள்.

"அக்கா, வெளித்துணியை ஒளிக்கிறது சரி. ஆஸ்பத்திரித் துணி நம்ம சொந்த வேலை. அதையும் இல்லைன்னு நாமளே சொல்றது நல்லாவா இருக்கு?"

"ஏண்டி, எதுலயும் ஒரு நொட்டை சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதா? என் சம்பந்தி சொல்றாரு. என் பொண்ணு வாழற வீடுடி அது. என் தலையில மண்ணை அள்ளிப் போடுவாரா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"கேக்காதே. நான் பொறுப்பு. எது வந்தாலும் என்னைக் கேளு."

அந்தச் சொல்லை நம்பித்தான் அத்தனை பேரும் இறங்கினார்கள். குழு வருவதற்கு முந்தின நாள் பாய்லரக்கா தன் கையாலேயே பாய்லரை அணைத்தாள். விரிப்புகள், உறைகள், அறுவை அறையின் பச்சைத் துணிகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தொட்டி அறைக்குள் திணித்தார்கள். கதவு மூடவில்லை. ஊசி முதுகைக் கொடுத்துத் தள்ள, இவள் பூட்டினாள். துணி காயப்போடும் கம்பிகளைக்கூட அவிழ்த்துச் சுருட்டினார்கள். சோப்பு வாசனை போக வேண்டுமென்று சன்னல்களை எல்லாம் திறந்து வைத்தார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேலையை மறைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

குழு வந்தது. தலைவர் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். அவர் பேசியது கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. போய்ப் பாய்லர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இங்க என்னம்மா நடக்குது?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா. சும்மாதான் கிடக்கு."

சொன்னது பாய்லரக்காதான். தலைவருக்குப் பின்னால் சம்பந்தி காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, பரவாயில்லை என்பதுபோல் இவளுக்கு மட்டும் கண்ணால் ஒரு சைகை காட்டினார். அன்று முழுக்க இவள் அந்தச் சைகையை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். பைத்தியக்காரி!

சட்டம் நிறைவேறும் நாளில் பெண்கள் எல்லோரும் சட்டமன்றத்துப் பார்வையாளர் மாடத்துக்குப் போனார்கள். தங்கள் உடுப்புகளைத் தாங்களே துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து உடுத்திக்கொண்டு போனார்கள். அந்த மாடத்தில் அவர்களைப்போல் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லை. கீழே உறுப்பினர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். "அரசாங்கம் தனக்கு உதவாததைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். மேசைகளைத் தட்டினார்கள். சட்டம் நிறைவேறியது.

பிறகு எந்தெந்தச் சொத்து யார் யாருக்கு என்று வாசித்தார்கள். வாசித்தவர் சம்பந்தியேதான். பழைய கிடங்கு ஒன்று, மூடிய பள்ளிக்கூடம் ஒன்று, அதன்பிறகு சலவைக்கூடம். "நம்மளுது! நம்மளுது!" என்று பெண்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். பாய்லரக்கா கை தட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

சம்பந்தியின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "குழு நேரில் பார்த்தபோது கூடத்தில் எந்தப் பணியும் நடைபெறவில்லை. பாய்லர் குளிர்ந்திருந்தது. இடம் சும்மா கிடப்பதாகப் பொறுப்பிலிருந்த பெண்ணே கூறினார். எனவே இச்சொத்து உபரி என்று கருதி, இளைஞர் தொழிற்பயிற்சி அறக்கட்டளைக்கு மாற்றப்படுகிறது."

தட்டின கை அப்படியே நின்றது. அறக்கட்டளையா? யாருடையது? பெண்கள் கீழே பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாய்லரக்காவைத்தான் பார்த்தார்கள். நான் பொறுப்பு என்று சொன்னவள் அவள்தானே. ஊசிகூட ஒன்றும் பேசவில்லை. அவள் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இவளுக்குப் பட்டது.

அங்கிருந்து நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பேருந்தில் போனாளா நடந்து போனாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி இது? எங்களுக்குன்னு சொன்னீங்க! யாரு இந்த அறக்கட்டளை?"

"முதல்ல உட்காருங்க சம்பந்தியம்மா."

"நான் உட்கார வரல. நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டீங்களே! என் வாயாலேயே என்னைச் சொல்ல வச்சீங்களே!"

"கத்தாதீங்க. வேற யாருக்கும் போகல, நம்ம குடும்பத்துக்குள்ளதான் வந்திருக்கு. அறக்கட்டளைக்கு நிர்வாகி உங்க மாப்பிள்ளை. இதைவிட உங்களுக்கு என்ன வேணும்?"

மாப்பிள்ளையா! இரண்டு வருஷமாக வேலை தேடி அலைந்த மாப்பிள்ளை.  அந்த நேரத்தில்தான் பாய்லரக்காவின் தலைக்குள் ஒன்று உறைத்தது. குழுவோடு வரும்வரை கூடத்துப் படியை மிதிக்காத இந்த மனிதர் தொட்டி அறையைப் பற்றி அன்றைக்கு எப்படிப் பேசினார்? நீங்க எப்பவும் பண்றதுதானே என்றாரே. எப்பவும் பண்ணுவது இவருக்கு எப்படித் தெரியும்? கூடத்துப் பெண்கள் செத்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். அப்படியானால் கூடத்திலேயே வளர்ந்து, இப்போது கூடத்தில் இல்லாதவள் யார்?

திரும்பிப் பார்த்தாள். மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நீயாடி?"

மகள் பதில் சொல்லாமல் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீயா சொல்லிக் குடுத்தே?"

"அம்மா, மெதுவா பேசு. ஆமா, நான்தான் சொன்னேன். அதிகாரி வந்தா நீங்க எல்லாம் என்ன பண்ணுவீங்கன்னு ஒரு நாள் சிரிப்புக்காகச் சொன்னேன். மாமா பிடிச்சுக்கிட்டாரு."

"சிரிப்புக்காகச் சொன்னே, சரி. அவரு என்னை உட்கார வச்சுப் பேசினப்போ நீ அங்கதானே நின்னே? எதுக்குன்னு அப்போ தெரியுமா, தெரியாதா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

"உனக்காகவும்தாம்மா," என்றாள். "எத்தனை நாளைக்கு அந்த ஆவியில வெந்து சாவே? பேசாம வந்து எங்ககூட இரு. உனக்கு ஒரு அறை ஒழிச்சு வச்சிருக்கேன்."

"எனக்கு அறை. சரி. ஊசிக்கு? மத்தவங்களுக்கு?"

"அவங்க வேற எங்கேயாவது வேலை தேடிக்குவாங்க."

"அவங்க மடியிலதாண்டி நீ வளர்ந்தே! உனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பகலா தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சாளே ஊசி, அவளுமா?"

மகள் அழ ஆரம்பித்தாள். பொய்யழுகை இல்லை.  "அம்மா, உன் காலைப் பிடிக்கிறேன். சாவி வாங்க அதிகாரி வருவாரு. அதுக்குள்ள அங்க வேலை நடக்குதுன்னு யாராவது வாக்குமூலம் குடுத்தா, கட்டடத்தைச் சட்டத்துல இருந்து விலக்கிடலாமாம். மாமா அதுக்குத்தான் பயப்படுறாரு. நீ மட்டும் வாயைத் திறக்காதே. திறந்தே, இந்த வீட்டுல என் நிலைமை என்னன்னு யோசிச்சுப் பாரு."

பாய்லரக்கா கிளம்பிவிட்டாள். போகும்போது வழக்கம்போல் மகள் வீட்டு அழுக்கு மூட்டை வாசலில் கட்டித் தயாராக இருந்தது. வாரா வாரம் அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளுத்துக் கொடுப்பது அவள்தான். இன்றைக்கு இதையும் நினைத்துக் கட்டி வைத்திருக்கிறாளே என்று நினைத்தாள். தாண்டிக்கொண்டு போனாள்.

சாவி வாங்கும் அதிகாரி வரும் நாளில் விடிந்ததுமே பாய்லரில் தீ வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சட்டமன்றத்திலிருந்து வந்த நாளாக யாரும் அவளிடம் எதுவுமே கேட்பதில்லை. பேசாமல் மூட்டைகளை வெளியே எடுத்தார்கள். இந்தத் தடவை எதையும் ஒளிக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி ஒரு பக்கம், விடுதித் துணி ஒரு பக்கம், நடுவில் ஆவி. அதிகாரி பூட்டும் கையுமாக வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கண்ணாடியில் நீர் படிந்தது.

"என்னம்மா இது? காலிக் கட்டடம்னு சொன்னாங்க!"

"காலி இல்லீங்க. ஒரு நாளும் காலியா இருந்ததில்ல. நான் வாக்குமூலம் குடுக்கிறேன், எழுதிக்குங்க."

பெண்களின் கைகள் எல்லாம் நின்றன. அதிகாரி கெட்டவரில்லை. துணி மேசையிலேயே காகிதத்தை விரித்து உட்கார்ந்தார்.

"குழு கிட்ட சும்மா கிடக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான். அது பொய்."

"யாரு சொல்லிச் சொன்னீங்க?"

"குழுச் செயலாளர். என் சம்பந்தி. எப்பவும்போல எல்லாத்தையும் தொட்டி அறையில ஒளிச்சு வைக்கச் சொன்னாரு."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். "இதோ பாருங்க, அவரு பெரிய மனுஷன். நான் சொல்லவே இல்ல, அந்தப் பெண்களே ஒளிச்சு வச்சாங்கன்னு ஒரே போடாப் போட்டுருவாரு. இந்த ஒளிக்கிற வழக்கமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. நீங்க சொன்னீங்களா அவருக்கு?"

"இல்ல."

"இங்க இருக்கிறவங்க யாராவது?"

"இல்ல."

"அப்ப யாரு? அது தெரியாம இந்த வாக்குமூலம் நிக்காதும்மா. அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கணும்."

 யார் என்று ஊசிக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தாலே தெரிந்தது. "அக்கா," என்று இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "வேண்டாம்க்கா. கட்டடம் போனாப் போகுது. வேற எங்கேயாவது பிழைச்சுக்கலாம். நம்ம குழந்தை அக்கா அது."

பாய்லரக்கா அவளைப் பார்த்தாள். ஒழித்து வைத்திருக்கும் அறை, வாசலில் கட்டிவைத்த மூட்டை, வேற எங்கேயாவது என்று மகள் சொன்ன அதே வார்த்தை. மகள் சொன்னபோது அது எவ்வளவு சுலபமாக வந்தது! ஊசி சொல்லும்போது எவ்வளவு கஷ்டப்பட்டு வருகிறது! பாய்லரக்காவுக்குக் கண்ணீர் வந்தது. அதை முந்தானையால் துடைக்காமல், அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"என் பொண்ணு சொன்னா. இந்தக் கூடத்துல வளர்ந்தவ. எல்லாம் தெரிஞ்சுதான் சும்மா இருந்தா."

அதிகாரி குனிந்து எழுதினார். பூட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "விசாரணை முடியற வரைக்கும் யாரும் இந்த இடத்தைத் தொட முடியாது. நீங்க வேலையைப் பாருங்க," என்றார். அப்புறம், காகிதத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொண்ணு பேரு?"

ஊசி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் தேர்ந்தெடுத்த பெயர். அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் சண்டை போட்டு, பிறகு ஒத்துக்கொண்டு, துணி வண்டியில் கிடந்த குழந்தையின் காதில் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுப் பார்த்த பெயர். பாய்லரக்கா அதை அதிகாரி எழுதிக்கொள்ளும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.